நிலாக் கல், பிஜி-13, இரண்டு பையன்கள்: ‘அப்பல்லோ 18’ குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அக்காவுக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு 13 வயது, சின்னவனுக்கு 9. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 தரையிறங்கியதிலிருந்து அந்த வீட்டில் நிலாதான் பேச்சு. விக்ரம், பிரக்யான் என்று தொடங்கி, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது வரை சின்னவன் ஒப்பிப்பான். பெரியவன் அமெரிக்கா பக்கம் போய்விட்டான். நிலாவில் நடந்த பன்னிரண்டு பேரின் பெயரும் அவனுக்கு மனப்பாடம். அப்படித் தேடிக்கொண்டே போனவன் கண்ணில்தான் ‘அப்பல்லோ 18’ படத்தின் டிரெய்லர் பட்டது. தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டான்.

அக்கா போனில் கேட்டது இவ்வளவுதான்: “பதிமூணுன்னு போட்டிருக்குடா. பெரியவன் பாக்கலாம்தானே? அவன் பாத்தா சின்னது சும்மா இருக்காது. நீ ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு.”

பார்த்தேன். சொன்னதையும், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும், பிறகு நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். கதை முழுக்க வெளியே வரும். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படம் என்ன சொல்கிறது

2011 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில் வெளியானது. ஸ்பெயின்காரரான கோன்சாலோ லோபஸ்-கல்யேகோ இயக்கியது. 86 நிமிடம். ஹாலிவுட் கணக்குக்குச் சில்லறைச் செலவுதான், ஏறக்குறைய 50 லட்சம் டாலர். வகை ஃபவுண்ட் ஃபுட்டேஜ். யாரோ எடுத்து, எங்கோ கிடந்து, பிறகு கைக்குக் கிடைத்த பதிவு இது என்ற பாவனையில் எடுக்கப்படும் படங்களை அப்படிச் சொல்கிறார்கள். இதில் அந்தப் பாவனை முதல் நிமிடத்திலேயே வருகிறது. 84 மணி நேர ரகசியப் பதிவுகள் இணையத்தில் ஏற்றப்பட்டன, அவற்றிலிருந்து தொகுத்ததுதான் நீங்கள் பார்க்கப்போவது என்று எழுத்தில் போடுகிறார்கள்.

ரத்து செய்யப்பட்டதாக உலகம் நம்பும் அப்பல்லோ 18, 1974 டிசம்பரில் ராணுவத்தின் ரகசியப் பயணமாகப் புறப்படுகிறது. வாக்கர், ஆண்டர்சன் இருவரும் இறங்குகிறார்கள். கிரே என்பவர் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறார். நிலாவில் ஒரு சோவியத் இறங்குகலம் நிற்கிறது, உள்ளே ரத்தம். அருகே இருண்ட பள்ளத்தில் விண்வெளி வீரர் ஒருவரின் பிணம். நட்ட கொடி மறுநாள் காணவில்லை. கிளம்பப் பார்த்தால் கலம் குலுங்கிச் சேதமாகிறது. வாக்கரின் உடைக்குள் ஏதோ ஊர்கிறது. மார்பில் காயம், அதைத் திறந்தால் உள்ளே ஒரு கல். கல் என்று நினைத்ததெல்லாம் கால் மடக்கிக் கிடக்கும் சிலந்தி மாதிரியான உயிர்கள். வாக்கருக்குத் தொற்று, பிறகு புத்தி பிறழ்வு, கடைசியில் கோரச் சாவு. ஆண்டர்சன் சோவியத் கலத்தில் ஏறித் தப்பப் பார்க்கிறார். தொற்றுள்ளவரைத் திரும்ப விட முடியாது என்று மேலிடம் கைவிரித்துவிடுகிறது. சுற்றுப்பாதையில் எடை போனதும் கலத்துக்குள் கிடந்த கற்கள் மிதக்கின்றன, அவற்றில் சில கால் விரிக்கின்றன. கட்டுப்பாடு இழந்த கலம் கிரே இருக்கும் கலத்தை நோக்கிப் பாய்வதோடு பதிவு அறுந்துவிடுகிறது. முடிவில் மூவரும் ‘விபத்தில்’ இறந்ததாக வெளியிடப்பட்ட தகவல்கள் எழுத்தில் வரும். அதற்குப் பிறகு ஒரு குறிப்பு: அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த நிலாக் கற்களில் பல இப்போது காணவில்லை.

பிஜி-13 எதை அளக்கிறது

அமெரிக்கத் தரக் குழு பிஜி-13 கொடுத்து, காரணமாகச் சொன்னது இரண்டு: மனத்தைக் கலக்கும் சில காட்சிகள், பேச்சு. பிஜி-13 என்பது அங்கே தடை கிடையாது. பன்னிரண்டு வயசுப் பையன் தனியாகப் போய் டிக்கெட் வாங்கலாம். பெற்றோரே, கொஞ்சம் கவனியுங்கள் என்ற எச்சரிக்கை மட்டும்தான். 1984இல் அந்தப் பிரிவே பிறந்தது, அதற்குக் கீழ்ப் படியில் வந்த சில படங்களைப் பார்த்துக் குழந்தைகள் மிரண்டுபோனதாகப் பெற்றோர் கூச்சல் போட்டதால்தான். நம் ஊரில் ஓடிடிக்கு 2021 விதிகளின்படி யு/ஏ 7+, 13+, 16+ என்று படிகள் உண்டு. அதை நிறுவனங்களே போட்டுக்கொள்கின்றன. எந்த எண்ணாக இருந்தாலும் அது எண்ணிப் பார்ப்பது ரத்தத்தை, கெட்ட வார்த்தையை, உடலை, போதையை. அந்தக் கணக்கில் இந்தப் படத்துக்குப் பிஜி-13 நியாயம்தான். ரத்தம் கொஞ்சம், காமம் இல்லை, திட்டு உண்டு.

என் குறை வேறு இடத்தில். இந்தப் படம் தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்கிறது. அதை அளக்க எந்தப் பலகையிலும் கட்டம் இல்லை.

தெரிந்த பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்

வழக்கமான பேய்ப் படத்தில், விஷயம் தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். இதில் தலைகீழ். நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாத பையனுக்கு இது கறுப்பு-வெள்ளை மாதிரி மங்கலாக ஓடும் ஒரு மந்தமான படம். பாதிப் படத்துக்கு மேல் இரண்டு ஆள் வானொலியில் பேசிக்கொண்டிருப்பார்கள், தூங்கிவிடுவான். அக்காவின் பெரியவன் மாதிரி அரைகுறையாகத் தெரிந்த பையன் கதை வேறு. அவனுக்குத் தெரிந்த ஒவ்வொரு சங்கதியையும் படம் சரியாகச் சொல்லி, அவன் தலையாட்டத் தொடங்கிய பிறகு பொய்யை உள்ளே விடுகிறது.

அப்பல்லோ 18, 19, 20 ரத்தானது நிஜம், 1970இல். கடைசியாகப் போனது 1972 டிசம்பரில் 17 என்பதும் நிஜம். சோவியத்துகள் ஓர் ஆள் மட்டும் இறங்கக்கூடிய கலம் கட்டியதும் நிஜம். 1970, 71இல் ஆளில்லாமல் பூமியின் சுற்றுப்பாதையில் சோதித்தார்கள். அதைத் தூக்கிச் செல்ல வேண்டிய என்-1 ராக்கெட் நான்கு முறையும் தோற்றதால் அது நிலாவுக்குப் போகவே இல்லை. அந்தத் திட்டத்தையே 1980களின் கடைசி வரை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பல்லோ 11, 12, 14 போய் வந்தவர்களை, கிருமி எதையாவது கொண்டுவந்திருப்பார்களோ என்று தனிமைப்படுத்தி வைத்ததும் நிஜம். பல நாடுகளுக்குப் பரிசாகக் கொடுத்த நிலாக் கல் துணுக்குகளில் நிறைய எங்கே இருக்கின்றன என்று தெரியாததும் நிஜம். இத்தனைக்கும் நடுவில் சிலந்தி ஒன்றுதான் கற்பனை என்றால், பதிமூன்று வயசு மூளை அதையும் சேர்த்து விழுங்கத்தானே செய்யும்?

விளம்பரம் வேறு எண்ணெய் ஊற்றியது. நாங்கள் படம் எடுக்கவில்லை, கண்டெடுத்தோம் என்று வெளியிட்ட நிறுவனத்தின் தலைவரே பத்திரிகையிடம் சொன்னார். இது கற்பனைதான் என்று நாசா தரப்பு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வகைப் பாவனை பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1992 அக்டோபர் 31 இரவு, பிபிசி ‘கோஸ்ட்வாட்ச்’ என்றொரு நாடகத்தை, பேய் வீட்டிலிருந்து நேரலை என்ற பாவனையில் ஒளிபரப்பியது. தொகுத்தவர் மைக்கேல் பார்க்கின்சன், நாடே அறிந்த பேட்டியாளர். பேய் வீட்டுக்குள் போனவர் சாரா கிரீன், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வாராவாரம் பார்த்துப் பழகிய முகம். நிறையப் பேர் நிஜமென்றே நம்பிவிட்டார்கள். 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு மருத்துவர்கள் எழுதிய குறிப்பு, அதைப் பார்த்த இரண்டு பத்து வயசுப் பையன்களுக்கு வந்த மன அதிர்ச்சிக் கோளாறைப் பற்றியது. காட்சியில் ரத்தம் ஆறாக ஓடியதா என்றால் இல்லை. நம்பிப் பழகிய முகம் நம்பிப் பழகிய பாணியில் வந்து பொய் சொன்னது, அதுதான் விஷயம். நிலாப் பைத்தியமான பிள்ளைக்கு அந்த நம்பிக்கையான முகம் நாசா.

குழந்தைகளின் பயத்தைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர் சொல்வது இங்கே உதவும். ஏழு வயது வரை பிள்ளைகள் தோற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், கோரமான முகம் நல்லவனுடையது என்றாலும் அலறுவார்கள். எட்டுக்கு மேல் போனால் கேள்வி மாறுகிறது: இது நடக்குமா, எனக்கு நடக்குமா? அதனால் ‘அதெல்லாம் பொய்டா கண்ணா’ என்பது சின்னக் குழந்தையிடம் எடுபடாது, பெரிய பிள்ளையிடம் எடுபடும். ஆனால் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பிடுங்கிக்கொள்வது அந்த ஒரு மருந்தைத்தான். ‘பொய்டா’ என்று நாம் சொல்லப்போவதை எதிர்பார்த்து, ‘பெரியவர்கள் இதைப் பொய் என்று மறைத்தார்கள்’ என்று படம் முன்கூட்டியே காதில் ஓதிவிடுகிறது. நாம் வாய் திறந்தால் அந்தச் சதியில் நாமும் ஓர் ஆள்.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

இருவரும் தூங்கப் பார்க்கிறார்கள். வெளியே ஏதோ சத்தம். படத்தில் ஆள் யாரும் இல்லை. கலத்தின் கேமரா நிலாத் தரையை அசையாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பல் மண், சிறு கற்கள், ஓரத்தில் நிழல். பின்னணி இசை கிடையாது, வானொலி இரைச்சல் மட்டும். பார்க்கிறவன் கண் தானாகவே ஒவ்வொரு கல்லாகத் தடவத் தொடங்கும். ஒரு கல் கொஞ்சமே கொஞ்சம் நகரும். அவ்வளவுதான் காட்சி.

பெரியவர்களுக்கு இதில் கைதட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மற்ற படங்களில் இசை மேலேறினால் பிள்ளை போர்வைக்குள் போய்விடும். இங்கே எச்சரிக்கை மணியே இல்லை. அதைவிட, பயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பார்க்கிறவன் தலையில் கட்டிவிடுகிறது. படம் முடிந்த பிறகும் கண் அந்த வேலையை நிறுத்தாது. இருட்டில் நாற்காலி மேல் கிடக்கும் துணி அசைந்ததா இல்லையா என்று ஒன்பது வயசுப் பிள்ளை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசியுங்கள்.

விண்வெளி என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. பேய் பங்களா நம் தெருவில் இல்லை, காட்டுக்குள் நாம் போகப்போவதில்லை. நிலா அப்படியா? மொட்டை மாடிக்குப் போனால் தலைக்கு மேல் நிற்கும். ‘நிலா நிலா ஓடி வா’ என்று சோறு ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு அதைப் பயமுறுத்தும் பொருளாக மாற்றுவது, என் கணக்கில், ரத்தத்தைக் காட்டுவதைவிடப் பெரிய சேதம். மிகையாகத் தெரியலாம். மாமன் வேலை அப்படித்தான்.

தலைக்கவசத்துக்குள் சிலந்தி ஊரும் காட்சி, கல்லை உடம்பிலிருந்து எடுக்கும் காட்சி இரண்டும் சிலந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஆகாது. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேமரா ஆட்டமும் கொஞ்சம் உண்டு, தலைசுற்றுகிறவர்கள் தள்ளி உட்கார வேண்டும்.

அக்காவிடம் சொன்னது

சின்னவனுக்கு வேண்டாம். இதில் ‘பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்’ என்ற சலுகைக்கும் இடமில்லை, ஏனென்றால் பயம் வருவது பார்க்கும்போது இல்லை, படுக்கும்போது.

பெரியவன் பார்க்கலாம், ஆனால் வரிசையை மாற்ற வேண்டும் என்றேன். வழக்கமாகப் படம் பார்த்துவிட்டுத்தான் விளக்கம் கொடுப்போம். இங்கே விளக்கம் முதலில். படத்தின் பொய்களை அவனே முன்கூட்டிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு படம் அவனுக்குப் புலனாய்வுப் பதிவாகத் தெரியாது, திறமையான மோசடியாகத் தெரியும். காலையில், ஹாலில், டிவியில் பார்க்க வேண்டும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் கூடாது.

“அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு படம் பாக்கணுமாடா?” என்றாள் அக்கா. வேண்டாம் என்றால் ராத்திரி போர்வைக்குள் பார்ப்பான், அது இதைவிட மோசம் என்றேன். டிரெய்லர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே.

நடந்தது

பெரியவனுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: அப்பல்லோ 18ஐ ரகசியமாக ஏவ முடியுமா என்று சொல். அப்பல்லோவைத் தூக்கிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட் 110 மீட்டர் உயரம் என்பது அவனுக்கே தெரியும். அது கடைசியாகப் பறந்தது 1973 மேயில், ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தைத் தூக்கிக்கொண்டு. மிச்சமிருந்த பாகங்கள் ஹூஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் ஹன்ட்ஸ்வில்லிலும் காட்சிக்குப் படுத்துக் கிடக்கின்றன. அப்பல்லோ 17 ராத்திரியில் கிளம்பியபோது ஃபுளோரிடாக் கரையெங்கும் விடிந்த மாதிரி இருந்தது. இதையெல்லாம் சேகரித்து வந்து, “மாமா, அந்த ஊர்ல எல்லாரும் கண்ண மூடிட்டு இருந்தாத்தான் முடியும்” என்றான். அடுத்து, நாசாவின் எல்ஆர்ஓ கலம் நிலாவைச் சுற்றி எடுத்த படங்களில் ஆறு இறங்குமிடங்களையும் பார்த்தோம். இறங்குகலத்தின் அடிப்பகுதி, வண்டித் தடம், காலடிப் பாதை எல்லாம் தெரிகின்றன. ஏழாவது இடம் எங்கே என்று அவனே கேட்டுக்கொண்டான்.

பிறகுதான் படம். சிலந்தியைப் பார்த்து “கிராஃபிக்ஸ்” என்றான். நகரும் கல்லைப் பார்த்து ரிமோட்டைப் பிடுங்கித் திரும்ப ஓட்டினான். நான் பயந்த இடங்களை அநாயாசமாகத் தாண்டிவிட்டான். அவன் சுருண்டது வேறோர் இடத்தில். உயிரோடு இருக்கும் ஆண்டர்சனைத் திரும்ப விட முடியாது என்று மேலிடம் சொல்லும்போது அவன் பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் விபத்து என்று எழுத்து வந்ததும் கேட்டான்: “அவங்க வீட்ல பொய் சொல்லிட்டாங்களா? நிஜத்துலயும் அப்படிச் செய்வாங்களா?”

பிஜி-13 முத்திரையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. இந்த வயதில் கோரத்தைவிடக் கைவிடப்படுவது வலிக்கும். அதிலும் கைவிடுகிறவர்கள், பிள்ளை வியந்து பார்க்கும் ஆட்கள்.

‘சேச்சே, அப்படியெல்லாம் நடக்காது’ என்று சொல்லியிருந்தால் வேலை சுலபம், ஆனால் அது உண்மையாக இருக்காது. வாலென்டின் பொண்டரென்கோ என்ற சோவியத் பயிற்சி வீரர் 1961 மார்ச்சில், ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, பயிற்சி அறையில் பிடித்த தீயில் கருகி இறந்தார். அதை 1986 வரை மறைத்து வைத்திருந்தார்கள். அதையும் சொன்னேன். கூடவே 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று பேர் இறந்ததையும், அது வெளிப்படையாக விசாரிக்கப்பட்டு, கதவு முதல் உள்ளிருக்கும் காற்று வரை மாற்றப்பட்டதையும் சொன்னேன். மறைப்பதும் நடந்திருக்கிறது, மறைக்காமல் விசாரித்ததும் நடந்திருக்கிறது. பையன் இரண்டையும் கேட்டுக்கொண்டான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான் என்று அக்கா சொன்னாள். ஆனால் பொண்டரென்கோ யார் என்று அடுத்த வாரம் முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தான்.

சின்னவன் படம் பார்க்கவில்லை, ஆனால் டிரெய்லர் அவனை விடவில்லை. “நம்ம ஊர் மியூசியத்துல நிலாக் கல்லு இருந்தா அது நகருமா?” என்பது அவன் கேள்வி. அப்பல்லோக்காரர்கள் கொண்டுவந்தது மொத்தம் 382 கிலோ, ஐம்பது வருடத்துக்கு மேலாக வெட்டியும் அரைத்தும் பார்த்துவிட்டார்கள், உயிர் எதுவும் இல்லை, முதலில் வந்த கற்களிலேயே அது தெரிந்துவிட்டதால்தான் அப்பல்லோ 15இலிருந்து அந்தத் தனிமைப்படுத்தலையே கைவிட்டார்கள் என்று சொன்னதற்கு ‘ம்’ என்றான், அவ்வளவுதான். அவனைத் தேற்றியது ஆம்ஸ்டர்டாம் கதை. அங்கே ரெய்க்ஸ் அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருந்த ‘நிலாக் கல்’லை 2009இல் ஆராய்ந்து பார்த்தால் அது கல்லாகிப்போன மரக்கட்டை. முன்னாள் பிரதமர் ஒருவருக்கு அமெரிக்கத் தூதர் கொடுத்தது என்று அது அங்கே வந்து சேர்ந்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தான். கணக்கைவிடக் கேலி வேலை செய்யும் வயது அது.

அதே முத்திரை, வேறு படம்

பெரியவன் இப்போது இதே பாணியில் இன்னொன்று கேட்கிறான்: ‘யுரோப்பா ரிப்போர்ட்’, 2013, செபாஸ்டியன் கோர்டெரோ இயக்கியது. அதுவும் பிஜி-13. அதுவும் கலத்தின் கேமராப் பதிவுகளைத் தொகுத்த பாவனைதான். வியாழனின் துணைக்கோளுக்குப் போகும் குழுவில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இனி நடக்கப்போகும் பயணம் என்பதால், ‘இது நடந்தது, உங்களிடம் மறைத்தார்கள்’ என்று அது நம் கழுத்தைப் பிடிப்பதில்லை. விஷ எரிபொருள் உடையில் பட்டுவிட்டதால் உள்ளே வர முடியாத வீரர், மயங்கிப்போன தோழனைக் கலத்தின் பக்கம் தள்ளிவிட்டு, அந்த உந்துதலிலேயே வெளியில் மிதந்து போய்விடும் காட்சி ஒன்று உண்டு. ரத்தம் ஒரு சொட்டு இல்லை, ஆனால் ‘அப்பல்லோ 18’ முழுவதையும்விட அது என்னை அசைத்தது. அங்கே யாரும் யாரையும் கைவிடுவதில்லை. செத்தவர்கள் கண்டுபிடித்தது பூமிக்கு வந்து சேர்கிறது.

பெரியவன் அதைத் தனியாகவே பார்க்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். சின்னவனுக்கு ஓரிரண்டு வருடம் போகட்டும், அப்போதும் அந்த மிதந்து போகும் காட்சிக்கு அக்காவோ மாமாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவரை ஓடிடிக் கணக்கில் சின்னவன் பெயருக்குத் தனிப் புரொஃபைல் போட்டு, மற்றதற்கு ரகசிய நம்பர் வைக்கச் சொன்னேன். வைத்தாள். நம்பரைப் பெரியவனிடம் சொல்லாதே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.